ஓடாத வண்டிக்கும் வயதாகும்: டைமிங் பெல்ட் பற்றி ஓர் அறிமுகம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய பிஎம்டபிள்யூ கார் ஒன்று விலைக்கு வந்தால், விற்பவர் முதலில் சொல்வது வண்டியின் ஆண்டை அல்ல, நிறத்தையும் அல்ல. "மைலேஜ் ரொம்பக் குறைவு" என்பதைத்தான், அதாவது வண்டி ஓடிய தூரம் குறைவு என்று. (இந்த நாடு மைலை விட்டுக் கிலோமீட்டருக்கு மாறி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது, சொல் மட்டும் மாறவில்லை.) நானும் அந்தச் சொல்லில் மயங்கியவன்தான். டொங்காட்டில் ஒரு வீட்டுக் கராஜில் ஒன்பது ஆண்டுகள் துணி போர்த்தி நின்றிருந்த 1990ஆம் ஆண்டு 325ஐ ஒன்றை வாங்கினேன். ஓடியிருந்தது 84,000 கிலோமீட்டர். வண்டிக்குரிய பெரியவர் காலமான பிறகு யாரும் அதைத் தொடவில்லை என்று வீட்டார் சொன்னார்கள். பேட்டரியை மாற்றி, பழைய பெட்ரோலை வடித்துப் புதிது ஊற்றி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, என்2 நெடுஞ்சாலை வழியாகச் சாட்ஸ்வொர்த் வரை அதை ஓட்டியே வந்து சேர்ந்தேன். அது எத்தனை பெரிய மடமை என்பது மறுநாள்தான் தெரிந்தது.

எங்கள் தெருவில் வீட்டுப் பின்கட்டிலேயே வண்டிகளைப் பழுதுபார்க்கும் அண்ணா ஒருவர் இருக்கிறார். பானெட்டைத் திறந்தவர், எஞ்சினை முடுக்கிப் பார்க்கக்கூட இல்லை. "தம்பி, பெல்ட் எந்த வருஷம் மாத்தினது?" என்று கேட்டார். "84,000 தான் ஓடியிருக்கு அண்ணா" என்றேன். "நான் கிலோமீட்டர் கேக்கல. வருஷம் கேக்கிறேன்" என்றார். அந்தக் கேள்வியின் பொருளை, இத்தகைய வண்டியைப் புதிதாக வாங்கியவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும் விளக்குவதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், எந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். 1980களிலும் 1990களிலும் வந்த ஸ்போர்ட்ஸ் கார்களை இப்போது 'மாடர்ன் கிளாசிக்' என்கிறார்கள். கார்புரேட்டர் போய், கணினி கட்டுப்படுத்தும் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்ட காலம் அது. ஆனால் இன்றைய வண்டிகளைப் போல ஒவ்வொரு விளக்கையும் கதவையும் கணினி ஆளும் நிலை அப்போது வரவில்லை. அதனால் ஸ்பானரும் பொறுமையும் உள்ள எவரும் இவற்றின் பெரும்பாலான வேலைகளை வீட்டிலேயே கற்றுக்கொள்ள முடியும். தென்னாப்பிரிக்காவுக்கு இவ்வகையில் ஒரு தனிப் பெருமையும் உண்டு. பிரிட்டோரியாவை ஒட்டிய ரோஸ்லின் ஆலை, ஜெர்மனிக்கு வெளியே பிஎம்டபிள்யூ அமைத்த முதல் ஆலை. அங்கே, வேறெந்த நாட்டிலும் கிடைக்காத இரண்டு ஈ30 (1980களின் 3-சீரிஸ் பிஎம்டபிள்யூவுக்கு உள்ள குறிப்பெயர்; என் 325ஐயும் அதில் ஒன்று) வண்டிகள் உருவாயின. ஒன்று 333ஐ: சிறிய உடலுக்குள் 3.2 லிட்டர் பெரிய எஞ்சினைத் திணித்ததால், ஏர்கண்டிஷனர், பவர் ஸ்டியரிங் இரண்டில் ஒன்றைத்தான் வாங்குபவர் தேர்ந்தெடுக்க முடிந்தது, இரண்டுக்கும் இடமில்லை. மொத்தம் 204 வண்டிகளே செய்யப்பட்டன. மற்றொன்று, குரூப் என் பந்தயங்களில் (கடையில் விற்கும் வண்டிகளை அதிகம் மாற்றாமல் ஓட்டும் பந்தயம்) ஓப்பல் கடெட்டை எதிர்கொள்வதற்காகச் செய்த 325ஐஎஸ். அதன் பிந்தைய வடிவங்களில் எஞ்சின் 2.7 லிட்டராக வளர்ந்தது. 'குஷேஷே' என்ற செல்லப் பெயருடன் டவுன்ஷிப்புகளில் (நிறவெறி ஆட்சி கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய நகர்ப்புறக் குடியிருப்புகள்) இந்த ஈ30 பெற்ற புகழ், இன்றும் அதன் விலையைத் தாங்கி நிற்கிறது. என்னுடையது அத்தனை அரியதல்ல, சாதாரண 325ஐ தான். ஆனால் 325ஐஎஸ்ஸும் அதுவும் ஒரே குடும்பத்து எஞ்சினைக் கொண்டவை; அண்ணாவின் கேள்வி இரண்டுக்குமே பொருந்தும்.

அந்த எஞ்சினின் பெயர் எம்20. 1977இல் அறிமுகமானது. ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும். அடிப்பாகம் வார்ப்பிரும்பு, மேலே தலைப்பாகம் அலுமினியம். பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வந்து சுழற்றும் தண்டு கீழே இருக்கிறது. அது கிராங்க் ஷாஃப்ட். மேலே, வால்வுகளை உரிய நேரத்தில் அழுத்தித் திறக்கும் தண்டு இருக்கிறது. அது கேம் ஷாஃப்ட். காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை உள்ளே வர ஒரு வால்வும், எரிந்த புகை வெளியேற ஒரு வால்வுமாக, சிலிண்டருக்கு இரண்டு. உள்ளிழுத்தல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றுதல் என்ற நான்கு அடிகள் முடியக் கீழ்த்தண்டு இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒரே ஒரு முறை திறக்க வேண்டும். ஆகவே கீழ்த்தண்டு இரண்டு சுற்று வரும்போது மேல்தண்டு சரியாக ஒரு சுற்று வந்தாக வேண்டும். இந்தக் கணக்கைக் காப்பாற்றுவது, உட்புறம் பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. அதுதான் டைமிங் பெல்ட். சில எஞ்சின்களில் அதன் இடத்தில் இரும்புச் சங்கிலி இருக்கும். 333ஐயின் பெரிய எஞ்சினில் இருப்பது சங்கிலிதான்.

கணக்கின் வேகத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடும்போது, கீழ்த்தண்டு ஒரு நொடியில் ஏறத்தாழ 67 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 33 முறை திறந்து மூடுகிறது. திறந்த வால்வு சிலிண்டருக்குள் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அதே இடத்துக்குத்தான் பிஸ்டனும் மேலேறி வருகிறது. வால்வு விலகிய பிறகே பிஸ்டன் வரும்படி நேரத்தைப் பிரித்துக் கொடுப்பது அந்தப் பட்டையின் பற்கள். பட்டை அறுந்தால் மேல்தண்டு நின்றுவிடும். சில வால்வுகள் திறந்தபடியே அசையாமல் நிற்கும். ஆனால் ஓடுகிற வண்டியின் சக்கரங்கள் கீழ்த்தண்டைச் சுற்றிக்கொண்டே இருப்பதால், பிஸ்டன்கள் நிற்காமல் மேலேறி அந்த வால்வுகளை இடிக்கும். வால்வுகள் வளையும், அவற்றை அழுத்தும் ராக்கர் கைகள் முறியும். கெட்ட நேரமானால் பிஸ்டனும் ஓட்டையாகும். எம்20 இப்படி மோதும் வகையைச் சேர்ந்தது. எல்லா எஞ்சின்களும் அப்படியல்ல. முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5இன் 1.6 லிட்டர் எஞ்சினிலும் டைமிங் பெல்ட்தான் இருக்கிறது, ஆனால் அதில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே போதிய இடைவெளி உண்டு. பெல்ட் அறுந்தால் வண்டி நடுவழியில் நிற்கும், அவ்வளவுதான். ஆகவே எந்த வண்டியை வாங்கினாலும், அதன் எஞ்சினில் இருப்பது பெல்ட்டா சங்கிலியா, பெல்ட் என்றால் அது மோதும் வகையா மோதாத வகையா என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்துகொள்ளாமல் சாவியைத் திருகக் கூடாது.

எம்20இல் இன்னொரு சங்கதியும் உண்டு. அந்தப் பட்டை கேம் ஷாஃப்டை மட்டும் சுற்றுவதில்லை. போகிற வழியில் இடைத்தண்டு ஒன்றையும் சுற்றுகிறது. எண்ணெய்ப் பம்பை இயக்குவது அந்த இடைத்தண்டுதான். பட்டை போனால் எண்ணெய் ஓட்டமும் அதே நொடியில் நின்றுவிடும்.

இனி, கிலோமீட்டருக்கும் வருடத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வருவோம். பட்டை வெறும் ரப்பர் அல்ல. இழுவையைத் தாங்க உள்ளே கண்ணாடி இழைக் கயிறுகள் ஓடுகின்றன. பற்களின் மேல் நைலான் துணி ஒட்டப்பட்டிருக்கிறது. இவை இரண்டையும் பிணைத்து வைத்திருப்பதுதான் ரப்பர். ஓடும்போது அது தேய்வது உண்மை. ஆனால் ஓடாமல் நிற்கும்போதும் அதற்கு மூப்பு வருகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரின் நெகிழ்வைச் சிறிது சிறிதாகப் பறிக்கின்றன. கறிவேப்பிலைக் கட்டில் போட்டு வந்த ரப்பர் வளையத்தை அடுக்களை இழுப்பறையில் போட்டு மறந்துவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து எடுத்து இழுத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அதை யாரும் பயன்படுத்தவில்லை. ஆனாலும் அது இழுத்த மாத்திரத்தில் பொட்டென்று அறும். நின்ற வண்டியில் பட்டைக்கு இன்னும் இரண்டு கேடுகள் சேர்கின்றன. சிறிய பல்சக்கரத்தை வளைந்து தழுவிய அதே நிலையில் ஆண்டுக்கணக்கில் இருப்பதால், அந்த இடத்தில் வளைவு உறைந்துபோகிறது. திரும்ப ஓடத் தொடங்கும்போது வெடிப்பு அங்கேதான் பிறக்கும். அடுத்தது எண்ணெய். கிராங்க் ஷாஃப்டின் முன்முனையிலும் கேம் ஷாஃப்டின் முனையிலும் உள்ள ரப்பர் சீல்கள், எண்ணெய் நனைப்பு இல்லாமல் காய்ந்து இறுகிவிடுகின்றன. எஞ்சின் மறுபடி ஓடியதும் அவற்றின் வழியே எண்ணெய் கசிந்து பட்டையின் மேல் விழுகிறது. எண்ணெய் பட்ட ரப்பர் ஊதி மென்மையாகிப் பல் கழன்றுவிடும்.

இக்காரணங்களால்தான் எம்20 பெல்ட்டுக்கு இரட்டைக் கெடு வைக்கிறார்கள்: ஏறத்தாழ 1,00,000 கிலோமீட்டர், அல்லது நான்கைந்து ஆண்டுகள், இவற்றில் எது முந்தியதோ அது. அன்றாடம் ஓடும் வண்டிக்கு முதல் எண் முந்தும். நம்மைப் போல ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பவர்களுக்கு எப்போதும் இரண்டாவது எண்தான் முந்தும். பலர் முதல் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, இன்னும் காலம் இருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அண்ணா அந்த வேலையைச் செய்தபோது இரண்டு நாள் அருகிலிருந்து பார்த்தேன். எஞ்சின் முழுதும் குளிர்ந்த நிலையில், பேட்டரி இணைப்பைக் கழற்றி, ரேடியேட்டர் நீரை வடித்த பின் தொடங்கினார். முதலில் விசிறி. அதன் நடுநட்டுக்கு 32 மில்லிமீட்டர் ஸ்பானர் வேண்டும். அது இடது மரை, அதாவது வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இதை அறியாமல் மேலும் மேலும் இறுக்கி ரேடியேட்டரில் ஸ்பானரை இடித்தவர்கள் ஏராளம் என்று சொல்லிச் சிரித்தார். பிறகு வி-பெல்ட்டுகள் (வாட்டர் பம்ப் முதலியவற்றை வெளியிலிருந்து சுற்றும் பட்டைகள்), மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி (இந்த எஞ்சினில் அது கேம் ஷாஃப்டின் முன்முனையிலேயே அமர்ந்திருக்கும்), அதன் பின் பிளாஸ்டிக் உறை. உறை விலகியதும் பட்டை தெரிந்தது. என் கண்ணுக்கு அது நன்றாகவே இருந்தது. கறுப்பாக, முழுதாக, ஒரு கீறல்கூட இல்லாமல்.

கழற்றுவதற்கு முன், கீழ்த்தண்டைக் கையால் மெல்லச் சுற்றி, முதல் பிஸ்டன் உச்சிக்கு வரும் நிலையில் நிறுத்தினார். அந்த நிலையில் கேம் பல்சக்கரத்தில் உள்ள குறி, சிலிண்டர் தலையில் வெட்டியிருக்கும் குறிக்கு நேராக நிற்க வேண்டும். கீழேயும் அதுபோல ஒரு குறி பொருந்த வேண்டும். இந்த இரண்டு குறிகளும் பொருந்தியிருப்பதுதான் முழு வேலைக்கும் ஆதாரம். எப்போதும் வலஞ்சுழியாக மட்டுமே சுற்ற வேண்டும் என்றும், பட்டை இல்லாத நேரத்தில் எந்தத் தண்டையும் தொடவே கூடாது என்றும் இரண்டு முறை எச்சரித்தார்.

பழைய பட்டையைக் கழற்றி மேசை மேல் வைத்து, முதுகுப் பக்கமாக, அதாவது பற்கள் வெளியே தெரியும்படி மடக்கிக் காட்டினார். அப்போதுதான் பார்த்தேன்: ஒவ்வொரு பல்லின் அடியிலும் மயிரிழை போல ஒரு கோடு. மடக்க மடக்க அந்தக் கோடு வாயைத் திறந்தது. ஓரிடத்தில் இரண்டு பற்களை நகத்தால் நெம்பினால் கையோடு வரும் போலிருந்தது. அந்தப் பகுதி முழுக்க எண்ணெய்ப் பளபளப்பு. முதுகில் அச்சிட்ட எழுத்துகள் பாதி அழிந்து, ஆண்டைப் படிக்க முடியவில்லை. இதை நம்பித்தான் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலையில் வந்திருக்கிறேன்.

இத்தனை பாகங்களைக் கழற்றிய பின் பட்டையை மட்டும் மாற்றுவது சிக்கனம் போலத் தோன்றும். உண்மையில் அது வீண்செலவு. பட்டையை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் உருளை, அதன் ஸ்பிரிங், வாட்டர் பம்ப், முன்பக்கச் சீல்கள் ஆகிய அனைத்தையும் அதே வேளையில் மாற்றிவிட வேண்டும். வாட்டர் பம்ப்பை இயக்குவது வி-பெல்ட்தான் என்றாலும், அது டைமிங் உறைகளுக்குப் பின்னால் இருக்கிறது. டென்ஷனர் ஸ்பிரிங்கின் ஒரு முனையும் அதைச் சார்ந்தே நிற்கிறது. அடுத்த ஆண்டு பம்ப் கசியத் தொடங்கினால் இதே வேலையை மறுபடி முதலிலிருந்து செய்தாக வேண்டும். கசிந்த நீர் புதுப் பட்டையின் மேலேயே விழுந்து அதையும் கெடுக்கும். புதுப் பட்டையை வாங்கியதும் உள்ளங்கைக்குள் சுருட்டிப் பார்க்கும் ஆசை பலருக்கு வரும். அதைச் செய்யாதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை; கூராக மடிந்தால் உள்ளுக்குள் ஒடிந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

புதுப் பட்டையைப் பூட்டியதும் டென்ஷனர் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஸ்பிரிங் தானாகவே இழுவையைத் தீர்மானிக்க விட்டார். பிறகு கீழ்த்தண்டை ஸ்பானரால் முழுதாக இரண்டு சுற்று சுற்றி, போல்ட்டுகளை இறுக்கி, குறிகள் மறுபடி நேராக நிற்கின்றனவா என்று பார்த்தார். இந்த இரண்டு சுற்றுகளைக் கையால் சுற்றுவதில் ஒரு பொருள் இருக்கிறது. ஒரு பல் தள்ளிப் பூட்டியிருந்தால் குறி தப்பும். பல பற்கள் தள்ளியிருந்தால் வால்வு பிஸ்டனில் போய் முட்டிக் கை நின்றுவிடும். கை நின்றால் அங்கேயே நிறுத்தித் தவறைத் தேட வேண்டும், வலுவைக் கூட்டக் கூடாது. கையால் கண்டுபிடித்த தவறு ஒரு மணி நேர வேலை; ஸ்டார்ட்டர் மோட்டார் கண்டுபிடித்தால் ஒரு சிலிண்டர் தலை.

கடைசியாக நீர். டர்பனில் உறைபனி கிடையாது, ஆகவே ரேடியேட்டர் நீரில் கலக்கும் கூலன்ட் எதற்கு, குழாய்த் தண்ணீர் போதும் என்று கேட்பவர்கள் நம்மிடையே நிறைய. கூலன்ட்டின் வேலை உறையாமல் காப்பது மட்டுமல்ல. அதிலுள்ள வேதிப்பொருள்கள் அலுமினியத் தலையை அரிப்பிலிருந்து காக்கின்றன, கொதிநிலையையும் உயர்த்துகின்றன. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். உறவினர் திருமணத்துக்கு வான் ரீனன் கணவாய் ஏறிப் போகிற வண்டிக்கு, நல்ல கூலன்ட்டும் அழுத்தத்தைத் தாங்கும் மூடியும் ஆடம்பரம் அல்ல. எம்20இன் தலை அதிகச் சூட்டில் விரிசல் விடும் இயல்புடையது. ஆகவே நீர் நிரப்பும்போது உள்ளே காற்று தங்கிவிடாமல் பார்க்க வேண்டும். வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப நீரோட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) உறையின் மேல் உள்ள சிறு திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் நீர் மட்டும் வழியும்வரை காத்திருப்பார்கள்.

பெல்ட்டுக்குச் சொன்னது வண்டியிலுள்ள மற்ற ரப்பருக்கும் திரவத்துக்கும் அப்படியே பொருந்தும். பெட்ரோல் தொட்டியருகே உள்ள ரப்பர்க் குழாய்களை வளைத்துப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும். தீப்பிடிக்கும் அபாயம் என்பதால் இதைத் தள்ளிப்போட இடமே இல்லை. டயர்களின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் கொண்ட குறி இருக்கும். 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். டயரின் பள்ளம் ஆழமாக இருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம், ரப்பருக்கு வயதாகியிருக்கலாம். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். குளூஃபிலிருந்து பைன்டவுனுக்கு ஃபீல்ட்ஸ் ஹில் சரிவில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்குகையில் எண்ணெய் கொதித்து ஆவியானால், பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. டர்பனின் புழுக்கத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதை மாற்றுவதை நான் தவறவிடுவதில்லை.

நிறுத்தியே வைத்திருக்கும் வண்டியை வாரம் ஒரு முறை கராஜிலேயே ஐந்து நிமிடம் முடுக்கி அணைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. அது நன்மையைவிடத் தீமையே செய்கிறது: எண்ணெய் முழுச் சூடு ஏறும் முன்னே அணைப்பதால், எரிந்த புகையின் நீராவி உள்ளேயே குளிர்ந்து எண்ணெயோடும் சைலன்சரோடும் தங்கிவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்றாலும் அரை மணி நேரம் சாலையில் ஓட்டினால், எண்ணெய் சூடேறும், சீல்கள் நனையும், பட்டையும் ஒரே வளைவில் உறைந்து கிடக்காது.

வாங்கும்போது கேட்க வேண்டியதும் இதிலிருந்தே தெளிவாகும். பெல்ட் மாற்றிய ரசீதையும் அதிலுள்ள தேதியையும் கேளுங்கள். "மாத்தியாச்சு" என்ற வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. ரசீது இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். வாங்கிய வண்டியை லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். வேலை முடிந்ததும் அண்ணா பானெட்டின் உட்புறத்தில் ஒரு சிறு தாளை ஒட்டினார். அதில் தேதியைப் பெரிதாக எழுதினார், "கிலோமீட்டரும் எழுதட்டுமா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் அதையும் கீழே பொடி எழுத்தில் எழுதி வைத்தார்.